தலைமுடிச் சாயங்கள் எப்படி வேலை செய்கின்றன?

நரையை மறைப்பதற்காக நம் ஊர்க் கடைகளில் விற்கும் பொருள்களை ஒரு மேசையில் பரப்பி வைத்தால் மேசை நிறைந்துவிடும். தண்ணீரில் குழைத்துப் பூசும் பொடிப் பொட்டலம், இரண்டு குழாய்கள் கொண்ட கிரீம் பெட்டி, எண்ணெய்போல் தடவும் கறுப்புத் திரவம், ஷாம்பூபோல் தேய்த்துக் குளிப்பது, மீசைக்கு மட்டும் தடவும் குச்சி, மருதாணிப் பொடி, அவுரிப் பொடி. மக்கள் வாயில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ‘டை’. ஆனால் இவை முடியில் செய்யும் வேலை ஒன்றல்ல. சில முடியின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. சில உள்ளே ஊடுருவுகின்றன. இன்னும் சில, முடிக்குள் நுழைந்த பிறகுதான் நிறமாகவே மாறுகின்றன. ஒரு சாயம் எத்தனை நாள் தங்கும் என்பதும், அதனால் உடலுக்குத் தீங்கு வருமா என்பதும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தவை.

இதை நான் எழுதத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. என் மைத்துனர் மகள் திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு வழக்கம்போல் தலைக்குச் சாயம் பூசினார். மறுநாள் காலை நெற்றியோரமும் காதுமடலும் அரித்தன. மாலைக்குள் இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. மணமேடையில் கறுப்புக் கண்ணாடி அணிந்துதான் தாரை வார்த்துக் கொடுத்தார். “அத்தான், இருபது வருஷமா இதையேதானே போடறேன், இப்ப மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்டார். முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்திய எனக்கு அன்று உடனே முழுமையாக விடை சொல்லத் தெரியவில்லை. அந்த விடை பின்னால் வருகிறது. முதலில் முடியைப் பார்ப்போம்.

முடியின் அமைப்பு

ஒரு தலைமுடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அதற்குள் மூன்று அடுக்குகள் உள்ளன. வெளி அடுக்கில் ஒளி ஊடுருவும் மெல்லிய செதில்கள், ஓட்டு வீட்டின் கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. ஒரு நீண்ட முடியை இரு விரல்களுக்கிடையே பிடித்து வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுவழுப்பாக இருக்கும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் சொரசொரப்பாக இருக்கும். செதில்கள் எந்தப் பக்கம் பார்த்து அமைந்திருக்கின்றன என்பதை மாணவர்கள் இப்படித் தாங்களே கண்டுகொள்ளலாம்.

செதில்களுக்கு உள்ளே இருப்பது புறணி. முடியின் பெரும்பகுதி இதுதான். கெரட்டின் என்ற புரதத்தின் நீண்ட இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு இங்கே இருக்கின்றன. மெலனின் என்ற நிறமி சின்னஞ்சிறு மணிகளாக இந்தப் புறணியில்தான் சிதறிக் கிடக்கிறது. கறுப்பு, பழுப்பு நிறங்களைத் தருவது யூமெலனின். செம்மை, மஞ்சள் சாயலைத் தருவது ஃபியோமெலனின். நடுவே மஜ்ஜை என்ற மூன்றாவது அடுக்கு உண்டு. எல்லா முடியிலும் அது இருப்பதில்லை. சாயத்துக்கும் அதற்கும் தொடர்பு அதிகமில்லை.

நரை என்பது ஒரு நிறம் அல்ல, நிறமி இல்லாத நிலை. முடியின் வேர்ப்பையில் மெலனினை உருவாக்கும் செல்கள் வயதாக ஆகக் குறைந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போகின்றன. அதன் பின் வளரும் முடியில் வெறும் கெரட்டின்தான் இருக்கிறது. பனிக்கட்டி கண்ணாடிபோல் இருந்தாலும் அதை நொறுக்கினால் வெள்ளையாகத் தெரிகிறதல்லவா? ஒளி பல பரப்புகளில் பட்டுச் சிதறுவதால் வரும் வெள்ளை அது. நரைமுடியின் வெண்மையும் அப்படிப்பட்டதே.

தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்றது. அதனால் பூசிய சாயம் முடியில் அப்படியே இருக்கும், ஆனால் வேர்ப்பையில் உருவாகும் புது முடி நரையாகவே வரும். மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் முடி வளர்வதால், எவ்வளவு உயர்ந்த ‘நிரந்தர’ச் சாயமானாலும் மூன்று நான்கு வாரத்தில் வகிடு வெளுத்துத் தெரிவதைத் தவிர்க்க முடியாது.

மேலே ஒட்டுபவையும் சற்றே உள்ளே நுழைபவையும்

தற்காலிகச் சாயங்கள் எளிமையானவை. மீசைக் குச்சி, முடியில் தடவும் மை, நாடக மேடைக்குத் தெளிக்கும் வண்ணம் ஆகியவை இவ்வகை. இவற்றின் நிறமிகள் பெரியவை. செதில்களுக்கு இடையே நுழைய முடியாது. மேலே ஒரு மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொண்டு, ஒருமுறை ஷாம்பூ போட்டதும் போய்விடும். வியர்த்தால் சட்டைக் காலரிலும் தலையணை உறையிலும் இறங்கும். இந்தத் தொல்லையைத் தவிர இவற்றால் பெரிய கேடு இல்லை.

அடுத்த வகை அரைநிரந்தரச் சாயம். இதில் உள்ளவை ஏற்கெனவே நிறம் கொண்ட சிறிய மூலக்கூறுகள். அம்மோனியாவோ பெராக்சைடோ இல்லாமலே இவை செதில்களின் இடுக்கு வழியாகப் புறணியின் ஓரம்வரை போய்விடும். நுழைந்த வழியாகவே வெளியே வரவும் முடியும் என்பதால் ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, ஆறு முதல் பன்னிரண்டு முறை அலசுவதற்குள் நிறம் மங்கிப்போகிறது. முடியின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருப்பதால், நேர்மின்சுமை கொண்ட சில சாயங்கள் அதைப் பற்றிக்கொண்டு சற்று அதிக நாள் நிற்கின்றன. இந்த வகைச் சாயத்தால் கறுப்பு முடியை வெளிர் நிறமாக்க முடியாது. இருக்கும் நிறத்தின்மேல் ஒரு சாயலைத்தான் ஏற்ற முடியும்.

முடிக்குள் நடக்கும் வேதிவினை

இன்று உலகில் மிகுதியாக விற்பவை நிரந்தரச் சாயங்கள்தாம். இவற்றைப் புரிந்துகொள்ள அடுக்களையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். கத்தரிக்காயையோ வாழைக்காயையோ அரிந்து தண்ணீரில் போடாமல் வைத்தால் வெட்டிய இடம் கறுக்கிறது. காய்க்குள் நிறமில்லாமல் இருந்த சிறிய மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பெரிய கருநிற மூலக்கூறுகளாக மாறுவதே இதற்குக் காரணம். நிரந்தரச் சாயத்திலும் இதுபோன்ற வினைதான் நடக்கிறது. காய்க்குப் பதில் முடியின் புறணி, காற்றுக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்று வைத்துக்கொள்ளலாம்.

கிரீம் பெட்டியில் இரண்டு குழாய்கள் இருப்பது இதனால்தான். ஒன்றில் அம்மோனியா போன்ற ஒரு காரமும், நிறமற்ற சாய முன்பொருள்களும் இருக்கும். மற்றொன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டையும் முன்கூட்டியே கலந்து வைத்தால் டப்பாவிலேயே வினை நடந்து சாயம் வீணாகிவிடும். பூசி முடித்தபின் கிண்ணத்தில் மீந்த கலவை தானாகவே கறுத்துப்போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

தலையில் பூசியதும் முதலில் காரம் வேலை செய்கிறது. கலவையின் பி.எச். மதிப்பு 9-லிருந்து 10.5 வரை இருக்கும். அந்தக் காரத்தன்மையில் முடி நீரை உறிஞ்சி உப்புகிறது. மேலே படிந்திருந்த செதில்கள் சற்றே தூக்கிக்கொள்கின்றன. ஓடு விலகிய கூரைபோல் வழி திறந்ததும், முன்பொருள்களும் பெராக்சைடும் புறணிக்குள் நுழைகின்றன.

முன்பொருள்களில் முதன்மையானது பாரா-ஃபினைலின்டைஅமின். சுருக்கமாக பிபிடி என்பார்கள். இது ஒரு பென்சீன் வளையத்தின் இரு முனைகளிலும் ஒவ்வோர் அமினோ தொகுதி கொண்ட மிகச் சிறிய மூலக்கூறு. பெராக்சைடு இதை ஆக்ஸிஜனேற்றம் செய்யும்போது, எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும் ஓர் இடைநிலைப் பொருளாக, குயினோன்டைஇமினாக, அது மாறுகிறது. அருகிலேயே ‘இணைப்பான்’ என்ற இரண்டாம் வகைப் பொருள் காத்திருக்கிறது. ரெசார்சினால், மெட்டா-அமினோஃபினால் போன்றவை இணைப்பான்கள். இரண்டும் சேர்ந்து, மேலும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, நிறமுள்ள பெரிய மூலக்கூறாகின்றன. எந்த இணைப்பான் என்பதைப் பொறுத்து நிறம் மாறும். ரெசார்சினாலோடு சேர்ந்தால் பச்சை கலந்த பழுப்பு, மெட்டா-அமினோஃபினாலோடு சேர்ந்தால் செம்மை, வேறு சிலவற்றோடு நீலமும் ஊதாவும் கிடைக்கும். பெட்டியின்மேல் ‘இயற்கைக் கறுப்பு’, ‘அடர் பழுப்பு’, ‘பர்கண்டி’ என்று போட்டிருப்பதெல்லாம் இந்தக் கலவை விகிதங்களே.

குதிருக்குள் புகுந்த எலியின் கதை எல்லோருக்கும் தெரியும். மெலிந்த எலி சிறிய ஓட்டை வழியாக உள்ளே போய்த் தானியத்தைத் தின்று கொழுத்தது. அப்புறம் அதே ஓட்டை வழியாக வெளியே வர முடியவில்லை. நிரந்தரச் சாயத்தின் சூட்சுமம் முழுவதும் இந்தக் கதையில் அடங்கும். உள்ளே போகும்போது சிறியது. உள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடுகிறது. ஷாம்பூ எவ்வளவு தேய்த்தாலும் எளிதில் வெளியேறாது.

வினை முற்றுப்பெற அரை மணி நேரம்போல் ஆகும். பத்து நிமிடத்தில் அலசிவிட்டால் பாதிப் பொருள் நிறமாகாமலே போய்விடும். ஒரு மணி நேரம் வைத்திருந்தால் நிறம் கூடிவிடாது, தோலுக்குத்தான் சுமை. உலோகப் பாத்திரத்தில் கலக்காதீர்கள் என்று துண்டுச்சீட்டில் எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. சில உலோகங்கள் பெராக்சைடை விரைவாகச் சிதைத்துவிடும்.

பெராக்சைடுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. முடியில் எஞ்சியிருக்கும் மெலனினையும் அது சிதைத்து வெளுக்கச் செய்கிறது. சாயத்தோடு வருவது பெரும்பாலும் 6 சதவீதமோ அதற்குக் குறைவோ. அதைவிடச் செறிவாக, 9 அல்லது 12 சதவீதம், அழகு நிலையங்களில் பயன்படுத்துவார்கள். நம்மைப்போல் கருங்கூந்தல் உள்ளவர்கள் பொன்னிறமோ வெளிர் சிவப்போ வேண்டுமென்றால் முதலில் மெலனினை வெளுக்க வேண்டும். அதற்குப் பெராக்சைடோடு பெர்சல்ஃபேட் உப்புகளும் சேர்க்கிறார்கள். இந்த உப்பின் தூசு நாள்தோறும் சுவாசிக்கும் அழகு நிலையப் பணியாளர்களில் சிலருக்கு ஆஸ்துமாவை வரவழைக்கிறது. வெளுக்காமல் நேரே ‘பர்கண்டி’ பூசினால் நரைமுடி மட்டும் பளிச்சென்று சிவக்கும். கறுப்பு முடியில் வெயில் படும்போதுதான் ஒரு சாயல் தெரியும். கறுப்புச் சாயம் பூசியவர்களின் முடி ஓரிரு மாதத்தில் செம்பட்டை பாய்வதிலும் பெராக்சைடுக்குப் பங்குண்டு. சாயம் வெயிலிலும் அலசலிலும் மங்க மங்க, வெளுத்துப்போன இயற்கை மெலனின் அடியிலிருந்து தெரிகிறது.

‘அம்மோனியா இல்லாதது’ என்று விளம்பரம் செய்யும் சாயங்களில் பெரும்பாலும் எத்தனாலமின் என்ற வேறொரு காரம் இருக்கும். அது ஆவியாகாததால் மூக்கைத் துளைக்கும் நெடி இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு. அம்மோனியா இல்லை என்றால் பிபிடி இல்லை என்று பொருளாகாது. இதைக் கடைக்காரர்களே பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பொட்டலமாக வரும் கறுப்புப் பொடிகளிலும் பெரும்பாலும் இதே பிபிடிதான். தண்ணீர் பட்டதும் பெராக்சைடை வெளியிடும் ஒரு திண்மப் பொருளை அதோடு சேர்த்திருப்பார்கள். எண்ணெய்போல் தடவும் சில திரவங்களில் பெராக்சைடே இருக்காது; காற்றிலுள்ள ஆக்ஸிஜனே மெல்ல மெல்ல அந்த வேலையைச் செய்யும். ஷாம்பூ வடிவில் வருபவையும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வடிவம் மாறினாலும் வேதியியல் மாறவில்லை.

நிலக்கரித் தாரிலிருந்து வந்த கறுப்பு

1856-இல் லண்டனில் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். குயினைன் கிடைக்கவில்லை, பதிலாகக் குடுவையில் ஊதா நிறச் சாயம் கிடைத்தது. நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்கள் எடுக்கும் தொழில் அங்கேதான் தொடங்கியது. அவருடைய ஆசிரியர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் 1863-இல் பிபிடியைப் பற்றி எழுதினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1883-இல், பிபிடியையும் பெராக்சைடையும் சேர்த்து முடிக்குச் சாயமேற்றுவதற்கு பிரான்சில் காப்புரிமை பெறப்பட்டது. 1907-இல் யூஜின் ஷுவெல்லர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தம் சாயக் கலவையைப் பாரிசின் முடிதிருத்துவோருக்கு விற்கத் தொடங்கினார். 1909-இல் அவர் நிறுவிய நிறுவனமே பின்னாளில் லோரியல் ஆயிற்று. வேதியியலில் எத்தனையோ மாறியும், நிரந்தரச் சாயத்தின் அடிப்படை இந்த நூற்று நாற்பது ஆண்டுகளில் மாறவே இல்லை.

மருதாணியும் அவுரியும்

மருதாணி இலையில் லாசோன் என்ற செம்மஞ்சள் நிறப் பொருள், உலர் எடையில் ஒரு சதவீதம் அளவுக்கு இருக்கிறது. இலை முழுதாக இருக்கும்போது அது முன்பொருளாக, சர்க்கரையோடு பிணைந்து அடங்கியிருக்கும். அரைத்துக் குழைத்து ஊறவைத்தால் விடுபடும். அதனால்தான் மருதாணியை இரவே ஊறவைக்கச் சொல்கிறார்கள். எலுமிச்சைச் சாறோ தேயிலை வடிநீரோ விடுவது, விடுபட்ட லாசோன் சிதையாமல் நிற்க உதவும். லாசோன் சிறிய மூலக்கூறு. முடியிலும் தோலிலும் உள்ள கெரட்டினோடு நேரடியாக வேதிப்பிணைப்பு ஏற்படுத்திக்கொள்வதால் கழுவினாலும் எளிதில் போவதில்லை. மெலனினை அது தொடாது. அதனால் கறுப்பு முடி கறுப்பாகவே இருக்க, நரை மட்டும் செம்மஞ்சளாகிறது. தலையில் அங்கங்கே தீக்கொழுந்துபோல் தெரிவது இதனால்தான்.

மருதாணியால் கறுப்பு வராது. தனி மருதாணி எவ்வளவு நேரம் வைத்தாலும் ஆரஞ்சிலிருந்து செங்காவி வரைதான் போகும். கறுப்பு வேண்டுமென்றால் அடுத்து அவுரி பூச வேண்டும். அவுரி இலையில் உள்ள இண்டிகான் தண்ணீரில் கரையும், நிறமற்றது. இலைப்பொடியைத் தண்ணீரில் குழைத்ததும் இலையிலுள்ள நொதி அதைப் பிரித்து இண்டாக்சில் என்ற சிறு மூலக்கூறை விடுவிக்கிறது. முடிக்குள் நுழைந்த இண்டாக்சில் மூலக்கூறுகள் காற்றுப் பட்டதும் இரண்டிரண்டாக இணைந்து, நீரில் கரையாத நீலமாகின்றன. ஜீன்ஸ் துணிக்குப் போடும் அதே நீலம். கீழே மருதாணியின் செம்மஞ்சள், மேலே அவுரியின் நீலம். கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து கருமையாகத் தெரிகிறது. மருதாணியை ஊறவைப்பதுபோல் அவுரியையும் இரவே குழைத்து வைத்தால் கிண்ணத்திலேயே நீலமாகித் திரண்டுவிடும்; முடியில் ஏறாது. குழைத்துக் கால் மணி நேரத்தில் பூசிவிட வேண்டும். “அவுரி எனக்குப் பிடிக்கவே இல்லை” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறியிருப்பார்கள். பூசி அலசிய உடனே பச்சை சாயலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஆக்ஸிஜனேற்றம் முடிய ஒரு நாள் ஆகும்.

இரும்புக் கடாயில் மருதாணியையோ நெல்லிக்காய்ப் பொடியையோ ஊறவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இது வெறும் நம்பிக்கை அல்ல. நெல்லிக்காய், கடுக்காய், தேயிலை ஆகியவற்றில் உள்ள டானின்கள் இரும்போடு சேர்ந்தால் கருநீல நிறமுள்ள கூட்டுப்பொருள் உருவாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுத்து மை காய்ச்சியது இதே வினையால்தான். ஓர் இரும்பு ஆணியைப் பால் சேர்க்காத தேநீரில் இரண்டு நாள் போட்டு வைத்துப் பாருங்கள், மை போலாகிவிடும். இந்தக் கறுப்பு முடியின் மேற்பரப்பில் படிகிறது. நிறத்தை ஆழமாக்க உதவும், ஆனால் தனியாக நரையை மறைக்கும் அளவுக்குப் போதாது. கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய்கள் முடிக்கு நெய்ப்பைத் தரும். வெளுத்த முடியில் மீண்டும் மெலனினை உண்டாக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இலைதானே என்று மருதாணியையும் எல்லோருக்கும் பூசிவிட முடியாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு மருதாணி பூசியதால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

உலோகச் சாயங்கள்

பண்டைய கிரேக்க, ரோமானியர்கள் ஈய ஆக்சைடையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசி நரையைக் கறுப்பாக்கினார்கள். ஈயம் முடியின் கெரட்டினில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பு ஈய சல்ஃபைடாகிறது. இந்தப் பழைய முறையை 2006-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது, முடிக்குள் ஐந்து நானோமீட்டர் அளவுள்ள ஈய சல்ஃபைடு படிகங்கள் உருவாகியிருந்தன. ‘நாளுக்கு நாள் நரை மறையும்’ என்று மேலைநாடுகளில் விற்ற ஈய அசிட்டேட் திரவங்களும் இதே வினையை நம்பியவை. ஈயம் நரம்புகளுக்கு நஞ்சு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முடிச் சாயத்தில் ஈய அசிட்டேட்டுக்கு அளித்திருந்த அனுமதியை நீக்க 2018-இல் முடிவு செய்தது.

இருபது வருடம் கழித்து ஏன்?

இப்போது மைத்துனரின் கேள்விக்கு வருவோம். பிபிடி அமிலம்போல் தோலை நேரே அரித்துவிடுவதில்லை. அப்படியிருந்தால் முதல் நாளே எல்லோருக்கும் புண்ணாகியிருக்கும். அது செய்வது வேறு. முடிக்குள் சாயமாக மாறும் அதே வினை, தலைத்தோலில் பட்ட பிபிடிக்கும் நடக்கிறது. அப்போது உருவாகும் இடைநிலைப் பொருள், தோலிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அந்தப் புரதத்தை அந்நியனாகப் பார்த்து, அதை நினைவில் வைத்துக்கொள்ளும் டி செல்களை உருவாக்கிவிடக்கூடும். அப்படி நினைவு பதிவாகும்போது வெளியே ஒன்றும் தெரியாது. எந்த முறை பூசும்போது அது நடக்கும் என்றும் சொல்ல முடியாது. ஐந்தாவது முறையாகவும் இருக்கலாம், இருநூறாவது முறையாகவும் இருக்கலாம். பதிவான பிறகு அடுத்த முறை பூசினால், ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் டி செல்கள் திரண்டுவந்து தாக்குகின்றன. அரிப்பு, சிவப்பு, நீர் வடிதல், வீக்கம் எல்லாம் அந்தப் போரின் விளைவுகள். தலைத்தோல் தடித்தது என்பதால் அங்கே குறைவாகவும், மெல்லிய தோலுள்ள இமை, காது, கழுத்தில் மிகுதியாகவும் தெரியும். தலையில் பூசியதற்குக் கண் ஏன் வீங்குகிறது என்று பலரும் திகைப்பது இதனால்தான்.

இருபது வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது இனியும் ஆகாது என்பதற்கு உத்தரவாதம் அல்ல. பூசப் பூச, நினைவு பதியும் வாய்ப்புதான் கூடுகிறது. பதிந்த நினைவு பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அழிவதில்லை. பிபிடிக்கு ஒவ்வாமை வந்தவர்களில் சிலருக்கு, அதைப் போன்ற அமைப்புள்ள பென்சோகெயின் என்ற மரப்பு மருந்தும், சில துணிச் சாயங்களும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகும்.

இதில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஓர் இடம் எனக்கு மிகவும் கவலை தருகிறது. பொருட்காட்சிகளிலும் சுற்றுலாத் தலங்களிலும் ‘கறுப்பு மெஹந்தி’ என்று சில நிமிடங்களில் கறுக்கும் ஒரு பசையால் கையில் படம் வரைந்துவிடுகிறார்கள். மருதாணி தோலில் கறுப்பாகாது என்று மேலே பார்த்தோம். அந்தக் கறுப்பு பெரும்பாலும் பிபிடிதான். அதுவும் முடிச் சாயத்தில் அனுமதிக்கப்படுவதைவிடச் செறிவாக, அலசாமல், மணிக்கணக்கில் தோலின்மேலேயே. எட்டு வயதில் கையில் வரைந்த படம் இரண்டு வாரத்தில் அழிந்துவிடும். உடலில் பதிந்த நினைவு அழியாது. நாற்பது வயதில் அந்தப் பெண் முதல்முறையாகத் தலைக்குச் சாயம் பூசும்போது முகம் வீங்கினால், காரணம் யாருக்கும் புரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் பூசும் கலவையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியதல்ல என்று உறையிலும் அச்சிட வேண்டும்.

புருவத்துக்கும் இமைக்கும் முடிச் சாயம் ஆகவே ஆகாது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லேஷ் லூர் என்ற இமைச் சாயம் விற்பனைக்கு வந்தது. அதிலிருந்தது பிபிடி. அதைப் பூசிய பெண்களில் சிலர் பார்வை இழந்தனர்; ஒருவர் இறந்தே போனார். அப்போதிருந்த சட்டத்தில் அழகுப்பொருளைத் தடுக்க வழியில்லை. 1938-இல் அங்கே புதிய சட்டம் வந்ததற்கு இந்த நிகழ்வும் ஒரு காரணம். இந்தியாவிலும் பிபிடி உள்ள சாயத்தின் உறையில், முன்சோதனை செய்ய வேண்டும் என்றும், புருவம், இமைகளில் பூசினால் பார்வை போகலாம் என்றும் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழிகளிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது விதி. எறும்பு அளவு எழுத்தில்தான் அச்சிடுகிறார்கள். சாயம் தேவைப்படும் வயதில் அதைப் படிக்கப் பூதக்கண்ணாடியும் தேவைப்படுகிறது.

பிபிடி வயிற்றுக்குள் போனால் அது கொடிய நஞ்சு. தொண்டையும் நாக்கும் வீங்கி மூச்சு அடைபடும். தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும். இதற்கென்று தனி முறிமருந்து கிடையாது. வீட்டில் பொட்டலமோ பாட்டிலோ இருந்தால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பூட்டி வைக்க வேண்டும். யாராவது விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால், பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உறையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

புற்றுநோய் வருமா என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. 1975-இல் புரூஸ் ஏம்ஸ் குழுவினர் அமெரிக்கக் கடைகளில் விற்ற 169 நிரந்தரச் சாயங்களைப் பாக்டீரியாக்களில் சோதித்ததில், 150 சாயங்கள் மரபணுவில் மாற்றம் ஏற்படுத்தின. அதன்பின் சில சேர்மங்கள் கைவிடப்பட்டன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, முடிதிருத்தும் தொழிலில் நாள்தோறும் இவற்றைக் கையாள்வதைப் ‘புற்றுநோய் ஏற்படுத்தக்கூடியதாக இருக்கலாம்’ என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. சொந்த உபயோகத்துக்குப் பூசுபவர்களைப் பொறுத்தவரை முடிவு சொல்லச் சான்று போதாது என்கிறது. ஆக, நம்மைவிட அதிக ஆபத்தில் இருப்பவர், கையுறை இல்லாமல் நாளெல்லாம் பிறர் தலைக்குச் சாயம் பூசும் தொழிலாளி.

உறையைப் படிப்பது

பெட்டியின் முன்பக்கத்தில் மருதாணி இலையும் நெல்லிக்காயும் படமாக இருக்கும். அதை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். பாரா-ஃபினைலின்டைஅமின், 1,4-டைஅமினோபென்சீன், பாரா-அமினோஅனிலின் என எந்தப் பெயரில் இருந்தாலும் அது பிபிடியே. ‘பிபிடி இல்லாதது’ என்று போட்ட பெட்டியில் டொலுயீன்-2,5-டைஅமின் இருக்கலாம். அது பிபிடியின் நெருங்கிய உறவு. பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. வெறும் ‘மருதாணிப் பொடி’ என்று எழுதியிருந்து, அரை மணி நேரத்தில் முடி கன்னங்கறேலென்று ஆனால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

முன்சோதனையை நாற்பத்தெட்டு மணி நேரம் முன்பே செய்ய வேண்டும். காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ, துண்டுச்சீட்டில் சொன்னபடி சிறிதளவு தடவி, இரண்டு நாள் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு செய்வதில் பயனில்லை. டி செல்கள் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும் என்பதற்கான காரணத்தை இனி விளக்கத் தேவையில்லை. பூசியபின் அரிப்போ எரிச்சலோ தொடங்கினால் உடனே நிறைய தண்ணீரில் அலச வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ அது அவசர நிலை.

மைத்துனருக்குத் தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து பிபிடி ஒவ்வாமை என்று உறுதி செய்தார். இப்போது அவர் சனிக்கிழமை இரவு மருதாணியை ஊறவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை அதையும் பிறகு அவுரியையும் பூசிக்கொண்டு, தலையில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு மதியம்வரை திண்ணையில் செய்தித்தாள் படிக்கிறார். கல்யாண ஆல்பத்தைப் பார்க்கும் பேரன், “தாத்தா ஏன் வில்லன் மாதிரி நிக்கிறாங்க?” என்று கேட்கிறான்.